பிரேக் வேண்டாத பாதை

மரக்காணத்தில் மலை கிடையாது. மேடு என்று சொல்லிக்கொள்ளக்கூட பெரிதாக ஒன்றும் கிடையாது. ஊரிலேயே உயரமானது எது என்று கேட்டால் தண்ணீர் டேங்க்கைக் கைகாட்டுவார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு 2005ஆம் வருஷம் மே மாதம் என் தம்பி ஒரு மவுண்டன் பைக்கைக் கொண்டுவந்தான். கோயம்பேட்டில் கண்டக்டர் அதை பஸ்ஸில் ஏற்றவே விடவில்லை. "இது இன்னா சார், சைக்கிளா, மிஷினா?" என்று கேட்டு, கூரையில் போட்டுக் கட்டச் சொல்லி, கட்டிய பிறகும் வழியெல்லாம் முறைத்துக்கொண்டே வந்தார். கூரைமேல் ஏறிக் கயிறு கட்டியது நான். தம்பி கீழே நின்றுகொண்டு, "அக்கா, செயின்ல கயிறு மாட்டாம கட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கைகள் இரண்டும் பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தன. பார்த்தவர்கள், அக்காளை வேலை வாங்கும் சோம்பேறி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சோம்பேறியாக இருந்திருந்தால் நான் கோயிலுக்குப் பொங்கல் வைத்திருப்பேன். அவனுக்கு இருபத்தொன்பது வயது. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் நண்பர்களோடு ஊருக்கு வெளியே இருக்கும் பாறைக் குன்றுகளுக்கு சைக்கிள் ஓட்டப் போய்விடுவான். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து, அந்தக் காயத்தை போன் போட்டு என்னிடம் பெருமையாகச் சொல்வான். முந்தின வருஷம் தீபாவளிக்கு வந்தபோது புதுச் சட்டையின் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றான். பொங்கலுக்குச் சாவியைத் திருப்ப முடியவில்லை. அதற்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரி, ஊசி குத்தி கரண்ட் வைத்துப் பார்க்கும் பரிசோதனைகள், நீண்ட வராந்தாக்கள். டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து நேராகவே சொல்லிவிட்டார். தசையை ஆட்டிவைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. கையில் ஆரம்பித்திருக்கிறது. காலுக்கு வரும், நாக்குக்கு வரும், கடைசியில் மூச்சுக்கு வரும். மருந்து கிடையாது.

2006 முடிவதற்குள் அவன் போய்விட்டான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஏதாவது அதிசயம் நடக்கும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். நாங்கள் காத்திருந்து பார்த்தாயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அம்மாகிட்ட யாரு சொல்றது?" என்பதுதான். நான் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன். அவனும் திரும்பக் கேட்கவில்லை. அப்படியே மாதங்கள் ஓடின. அம்மா தானாகவே இதற்கு நரம்புத் தளர்ச்சி என்று பெயர் வைத்து, தானாகவே வைத்தியமும் ஆரம்பித்துவிட்டாள். காலையில் முருங்கைக்கீரை சூப், அவித்த முட்டை, சாயங்காலம் கைக்கு எண்ணெய். "ராவும் பகலும் கம்ப்யூட்டர தட்டித் தட்டியே கைய கெடுத்துக்கிட்டான். எந்தம்பி ஊட்டுக்குப் போயி பத்து நாள் கடல்காத்து வாங்குனா சரியாயிடும்" என்று அவள் சொன்னதால் வந்ததுதான் அந்த லீவுப் பயணம். அப்பா எப்போதோ போய்விட்டார். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆக அம்மா, தம்பி, நான், அந்த சைக்கிள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்துச் செய்துகொண்டிருந்தார். பெரிய குரல். எதைப் பார்த்தாலும் கேலி. சைக்கிளைச் சுற்றி ஒரு சுற்று வந்தார்.

"ஏம்பா மாப்ள, இதுக்கு கேரியர் இல்லியா?"

"இல்ல மாமா."

"ஸ்டாண்டு?"

"இல்ல."

"மட்கார்டும் இல்ல, பெல்லும் இல்ல. எல்லாத்தயும் கழட்டி வித்துட்டு மிச்சத்த ஒந்தலையில கட்டிட்டான் கடைக்காரன். மலை வேற ஏறுமா இது? ஏறும், ஏறும். மொதல்ல மலைக்கு எங்க போற?"

தம்பி சிரித்தான். அவன் சிரிப்பு அப்போது நன்றாகத்தான் இருந்தது.

வந்த அன்று சாயங்காலம் வேப்பமரத்தடியில் அவன் என்னிடம் சொன்னான். "அக்கா, காலு நல்லாத்தான் இருக்குது. தொடைய தொட்டுப் பாரு, இரும்பு மாதிரி. ஹேண்டில் பார்மேல கைய வெச்சிக்கவும் முடியுது. பிரேக்கதான் இழுக்க முடியல. ஒரே ஒரு தடவ நல்லா ஓட்டிடணும். காலுக்கும் வந்துடுறதுக்கு முன்ன. மலை கூட வேணாம். பிரேக் புடிக்கத் தேவையில்லாத பாதை ஒண்ணு பாரேன்."

"மெதுவா ஓட்டு. நிறுத்தணும்னா கால ஊனிக்கோ."

"அதுக்குப் பேரு ஓட்டுறதா? தள்ளுவண்டி."

அவன் நிபந்தனைகளைச் சொன்னான். நேராக இருக்க வேண்டும். கெட்டியான மண்ணாக இருக்க வேண்டும். ஆளோ ஆடோ குறுக்கே வரக் கூடாது. முடிவில் வண்டி தானாகவே நிற்க வேண்டும். அதுவும் காலையிலேயே நடக்க வேண்டும், ஏனென்றால் வெயில் ஏறிவிட்டால், மறுபடி தூங்கி எழும் வரை, அவன் விரல்கள் ஹேண்டில் பாரிலிருந்து தாமாகவே நழுவிவிடும். இவ்வளவையும் கேட்டுவிட்டு, அவனால் முடியாததையெல்லாம் செய்ய முடிந்த என்மேல் பொறுப்பைப் போட்டுவிட்டான். பள்ளிக்கூடத்துக்கு லேடீஸ் சைக்கிள் ஓட்டியதைத் தவிர எனக்கு இந்த விஷயத்தில் எந்த அனுபவமும் கிடையாது.

மறுநாள் விடிந்ததும் மாமாவின் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஈசிஆர் ரோடு பேச்சுக்கே இடமில்லை. அங்கே பாண்டிச்சேரி பஸ்கள் போகிற வேகத்துக்கு பிரேக் உள்ளவனே ஓரமாக நிற்க வேண்டும். ஊர்த்தெருக்கள் முழுக்கக் கோழியும் குழந்தையும். சவுக்குத் தோப்புக்குள் ஒற்றையடிப் பாதை அழகாக இருந்தது, ஆனால் நாலு மரத்துக்கு ஒரு தரம் வளைந்தது. ஏரிக்கரைமேல் கொஞ்ச தூரம் போனேன். நேரான கரைதான். முடிவில் சரேலென்று இறங்கி ஒரு கிணற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர்கூட இல்லை. திரும்பிவிட்டேன்.

கடற்கரைக்கும் போனேன். ஈர மணல் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் முந்தின டிசம்பரில் ஏறிவந்த கடல் உடைத்துப் போட்ட படகுகள் இன்னும் அங்கங்கே கிடந்தன. வலைத் துண்டுகளும் சுவர் இடிபாடுகளும் மணலில் பாதி புதைந்திருந்தன. தகரக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா தேடுற?" என்றாள். சைக்கிள் ஓட்ட இடம் தேடுகிறேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மா வந்தேன் என்றேன். அந்த ஊரில் அந்த வருஷம் யாரும் கடற்கரைக்குச் சும்மா வருவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டீக்கடையில் விஷயம் வேறு விதமாகப் பரவியிருந்தது. "உப்பளத்துக்காரரு அக்கா பொண்ணு மாடு தொலைச்சிடுச்சாம், காலையில இருந்து தேடுது" என்று பேசிக்கொண்டார்களாம். மாமா வந்து சொல்லிச் சிரித்தார். அப்போதுதான் நான் அவரிடம் கேட்டேன், நேரான, ஆளில்லாத, முடிவில் மேடு ஏறுகிற பாதை எங்கேயாவது இருக்கிறதா என்று. மேடு இருந்தால் வண்டி தானாக நின்றுவிடும் என்பது கிணற்றங்கரையில் எனக்கு உதித்த ஞானம்.

மாமா யோசிக்கக்கூட இல்லை. "நம்ம பெரிய கரை இருக்குதே. அத வுட்டுட்டு ஊரெல்லாம் சுத்துறியா?"

உப்பளத்துக்கு நடுவே பாத்திகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரு அகலமான மண் கரை போனது. மாட்டுவண்டி போகும் அகலம். காலங்காலமாக ஆட்கள் மிதித்து மிதித்து சிமெண்ட் மாதிரி இறுகிப்போன மண். இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பாத்திகள். முடிவில், வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து ஓலை மூடி வைப்பதற்காக உயர்த்திய மேடு. மழைத்தண்ணீர் உப்பைத் தொடக்கூடாது என்று போட்ட மேடு. சாய்வாக, நிதானமாக ஏறியது. எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த ஏற்றம் வண்டியை மெல்லத் தடுத்து நிறுத்திவிடும். அன்று சாயங்காலம், ஆளில்லாத நேரத்தில், நான் மாமா சைக்கிளில் பிரேக்கைத் தொடாமல் ஓட்டிப் பார்த்தேன். நின்றது. திரும்பப் போய் இன்னும் வேகமாக வந்தேன். நின்றது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்த லீவில் நான் சந்தோஷமாக அழுதது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலையில் தம்பியைக் கூட்டிவந்து காட்டினேன். கரையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தான். "இதுதான்க்கா" என்றான். ஆனால் எங்களுக்கு முன்பே கூலிப் பெண்கள் வந்திருந்தார்கள். தலையில் கூடைகளோடு, ஒருவர் பின் ஒருவராக, பாத்தியிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து மேட்டுக்கும் உப்பைச் சுமந்தார்கள். விடிவதற்கு முன்பே வந்துவிடுவார்கள். வெயில் ஏறினால் உப்பு கண்ணைக் குத்தும், காலைக் கிழிக்கும். அதனால் காலை வேளை முழுக்கக் கரை அவர்களுடையது. அவனுக்கும் காலை வேளை மட்டும்தான் இருந்தது. பிரேக் இல்லாதவன் தலைச்சுமைப் பெண்களுக்கு நடுவில் எப்படி ஓட்டுவான்?

"எப்ப மாமா இவங்களுக்கு லீவு?" என்று தம்பி கேட்டான்.

"உப்பு எறங்குற காலத்துல லீவு ஏதுடா? தை தொட்டு புரட்டாசி வரைக்கும் வாரிக்கிட்டே இருக்கணும். மழ பேஞ்சாதான் லீவு. பேயக்கூடாது. பேஞ்சா அதோட போச்சு."

அன்றிலிருந்து நாங்கள் மழைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தோம்.

இதைத் தப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. மாமா வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே, மாமாவின் பிழைப்பில் மண் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம், அவ்வளவுதான். சாயங்காலமானால் மாமா வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு உட்கார்ந்து கடல் பக்கத்து வானத்தைப் பார்ப்பார். பக்கத்தில் தம்பியும் நானும். ஒரு கருப்பு மேகம் எழும்பினால் மாமா அதைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார். அவ்வளவும் அம்மா காதில் விழக் கூடாத வார்த்தைகள். நானும் தம்பியும் அதே மேகத்தைப் பார்த்து மனசுக்குள், வா, வா என்போம். மேகம் கலைந்துபோகும். மாமா நிம்மதியாக எழுந்து சாப்பிடப் போவார். தம்பி பாக்கெட்டுக்குள் விரல்களை மடக்கிப் பார்ப்பான். துணிக்கு மேலேயே எனக்குத் தெரியும், முந்தின நாளைவிடக் குறைவாகத்தான் மடங்குகிறது என்று. வானத்துக்கு என்ன அவசரம்? அவசரமெல்லாம் அவன் விரல்களுக்குத்தான்.

அம்மா ஊருக்குத் திரும்பும் நாளைத் தள்ளிப்போட்டாள். "கடல்காத்துல மொகம் தெளிஞ்சிருக்குது பாரு" என்றாள். வெயிலில் அவன் முகம் சிவந்திருந்தது. அவ்வளவுதான்.

மழை ஒரு சாயங்காலம் வந்தது. மின்னல்கூட முதலில் இல்லை. காற்று நின்றது, புழுதி வாசனை வந்தது, அப்புறம் தடதடவென்று கொட்டியது. நான் தம்பியைப் பார்த்தேன். அவன் எழுந்து நின்றுவிட்டான். மாமா அதற்குள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். "டேய் மாப்ள, வாடா! பாப்பா, நீயும் வாம்மா! ஆள் பத்தாது!"

மழைத்தண்ணீர் லேசானது. பாத்தியில் பல வாரமாக வெயிலில் காய்ந்து முற்றிய உப்புத்தண்ணீர் கனமானது. மழை விழுந்தால் இரண்டும் உடனே கலந்துவிடாது. மழைத்தண்ணீர் மேலேயே கொஞ்ச நேரம் நிற்கும். மடையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைகளைச் செருகி வைத்திருப்பார்கள். மேல்பலகையை மட்டும் எடுத்தால் மழைத்தண்ணீர் வழிந்து போய்விடும், கனத்த தண்ணீர் அடியில் தங்கிவிடும். கலப்பதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். பாத்தி பாத்தியாக ஓடி ஓடிச் செய்ய வேண்டும். மாமா கத்திக்கொண்டே ஓடினார். எனக்கு ஒரு மடையைக் காட்டினார். தம்பிக்கு அடுத்ததைக் காட்டினார்.

"மேல்பலகைய மட்டும் எடு. அடிப்பலகையத் தொடாத. மேல இருக்குறது மழத்தண்ணி, கீழ இருக்குறது நம்ம சோறு. புரிஞ்சுதா?"

நான் என் மடையின் பலகையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். தம்பி மண்டியிட்டிருந்தான். பலகையைப் பிடித்தான், வழுக்கியது. மறுபடியும் பிடித்தான், வழுக்கியது. விரல்கள் மூடவில்லை. "விடுடா, நான் வர்றேன்" என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ. அவன் இரண்டு மணிக்கட்டையும் பலகைக்கு அடியில் கொடுத்து, தோளின் பலத்தால் ஒரே இழுப்பாக இழுத்தான். மேல்பலகையோடு அடிப்பலகையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. இரண்டையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. அந்தப் பாத்தியும், அதற்கு மேலே இருந்த பெரிய பாத்தியும், மாமா பார்த்துப் பார்த்து முற்றவைத்த தண்ணீர் மொத்தமும், சத்தமில்லாமல் கால்வாயில் இறங்கியது. தம்பி வெறும் கையை ஓட்டையில் வைத்து அடைக்கப் பார்த்தான்.

மாமா ஓடிவந்து அவனைத் தள்ளிவிட்டு மண்ணை வாரிப் போட்டார். ஒன்றும் நிற்கவில்லை. எழுந்து நின்று கத்தினார்.

"சோறு துன்றல்ல நீ? ஒரு பலகைய புடிக்கத் தெரியாதா? பெங்களூர்ல இன்னா புடுங்குற? மலை ஏற சைக்கிள் மட்டும் வேணும் தொரைக்கு!"

தம்பி எழுந்து நின்றான். கைகளைப் பாக்கெட்டில் போடப் பார்த்தான். ஈரத்தில் அதுவும் முடியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வெறி வந்துவிட்டது.

"அவன் கை செத்துடுச்சு மாமா!" என்று அலறினேன். "தெரியல உங்களுக்கு? கை செத்துடுச்சு. அப்பறம் காலு சாவும். அப்பறம் அவனே..."

சொல்லி முடிக்கவில்லை. மாமாவின் பின்னால் அம்மா நின்றிருந்தாள். பிள்ளை நனைகிறான் என்று குடை எடுத்துக்கொண்டு கரையோடு வந்திருக்கிறாள். குடை அவள் கையில் மடித்தபடியே இருந்தது.

"டாக்டரு சொன்னாரா?" என்று கேட்டாள்.

"சொன்னாரும்மா" என்றான் தம்பி.

"எப்ப?"

"பொங்கல் முடிஞ்சு."

அம்மா அந்த வழிந்தோடும் தண்ணீரைப் பார்த்தாள். "அப்ப நான் குடுத்த சூப்பெல்லாம்?" என்றாள்.

"நல்லா இருந்துச்சும்மா."

அவள் அழவில்லை. குடையை விரித்து அவன் தலைக்கு மேலே பிடித்தாள். அவன் ஏற்கெனவே சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். அப்படியே வீட்டுக்குக் கூட்டிப்போனாள். மாமா அங்கேயே நின்றார். நான் போய்க் கூப்பிட்டதற்கு, "நீ போம்மா" என்றார்.

மறுநாள் உப்பளம் முழுக்கக் கலங்கிய தண்ணீராக இருந்தது. கூலிப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு ரோட்டோரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தண்ணீர் மறுபடி முற்றி உப்பு இறங்கும் வரை அவர்களுக்கு வேலை இல்லை. நாங்கள் ஆசைப்பட்ட லீவு வந்துவிட்டது. ஆனால் நனைந்த கரையில் உப்பளத்துக்காரர்கள் கால் வைக்கமாட்டார்கள். ஒரு கால்தடம் பதிந்தால் அந்த இடத்தில் கரை உள்வாங்கி, பிறகு கசிய ஆரம்பித்துவிடும். காற்று காயவைத்துத் தர வேண்டும், அதுவரை யாரும் போகக் கூடாது. ஆக இன்னும் காத்திருந்தோம். அம்மா காலையில் சூப் வைப்பதை நிறுத்திவிட்டாள். அந்தக் காலி டம்ளர் அடுக்களை மேடையில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்க்க, அவள் வாய்விட்டு அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

தம்பியின் கைகள் அந்த நாட்களில் போய்விட்டன. மழையில் நனைந்ததாலா, அன்றைக்கு இழுத்த இழுப்பாலா, அல்லது அதற்கு நாள் வந்துவிட்டதா, தெரியாது. ஒரு காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்று சாதாரணமாகச் சொன்னான். நான் சைக்கிளைக் கொண்டுவந்து அவன் கையை ஹேண்டில் பார்மேல் வைத்துப் பார்த்தேன். வைத்த இடத்தில் இருந்தது. லேசாக ஆட்டினால் விழுந்தது. பாதை கிடைத்துவிட்டது. ஆள் இல்லாத கரையும் கிடைத்துவிட்டது. பிடிக்கக் கைதான் இல்லை. கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு இந்த மாதிரிக் கணக்கெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பேன்.

ஒரு விடிகாலையில் மாமா வந்து வாசலில் நின்றார். மழைக்குப் பிறகு அவர் தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"கரை காஞ்சிடுச்சு மாப்ள. ஓட்டுறியா?"

"கை நிக்காது மாமா."

"கட்டிடலாம்."

நாலு பேரும் போனோம். கரை வெளுத்து, கெட்டியாக, ஆளே இல்லாமல் கிடந்தது. தம்பி சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றிக்கொண்டான். மாமா தோள் துண்டை எடுத்து நீளவாக்கில் கிழித்து, அவன் கைகளை ஒவ்வொன்றாக ஹேண்டில் பாரோடு சேர்த்துச் சுற்றினார். உப்பு மூட்டை கட்டுகிறவர் போடும் முடிச்சு. லாரி ஏறி வெளியூர் போனாலும் அவிழாது.

"மாமா," என்றான் தம்பி. "மழ வரணும்னு நான்தான் வேண்டிக்கிட்டேன்."

மாமா முடிச்சை இழுத்து இறுக்கினார். "நீ கேட்டு மழ வரும்னா ஒன்ன இங்கயே வெச்சுக்கிட்டு விவசாயம் பண்ணியிருப்பனே. நேரா பாரு."

எனக்குத்தான் பயம். "கையக் கட்டிட்டா விழும்போது ஊனக்கூட முடியாதுடா. விழுந்தா இன்னா ஆவும்?"

"இன்னா ஆவும்? செத்துடுவனா?" என்று கேட்டுவிட்டு அவன் சிரித்தான். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

பிடிக்க கேரியர் இல்லாததால் மாமா சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே ஓடினார். பிறகு விட்டுவிட்டார். தம்பி போனான். முதலில் ஆடியது, அப்புறம் நேரானது. அவன் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தான். கால்கள் அவன் சொன்னது போலவே இரும்பாகத்தான் இருந்தன. சின்னதாகி, இன்னும் சின்னதாகி, இரண்டு பக்கமும் தண்ணீரில் வானம் தெரிய, நடுவில் அவன் மட்டும் போய்க்கொண்டிருந்தான். ஏதோ கத்தினான். வார்த்தை கேட்கவில்லை. மேடு வந்தது. ஏறினான். வண்டி மெல்ல மெல்லத் தணிந்து, அன்றைக்கு நான் ஓட்டிப் பார்த்தபோது நின்ற இடத்திலேயே நின்றது. அவன் காலை ஊன்றிக்கொண்டான்.

நாங்கள் ஓடினோம். அம்மாதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். அந்த வயதில் அப்படி ஓடுவாள் என்று நான் நினைக்கவில்லை. அவன் மூச்சு வாங்க நின்றிருந்தான். முகம் முழுக்கக் கண்ணீரும் சளியும், துடைத்துக்கொள்ளக் கை இல்லை. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டு, முடிச்சில் கை வைத்தாள்.

"அவுக்காதம்மா" என்றான்.

"ரத்தம் கட்டிக்கிச்சு பாரு, வெரலு நீலமாயிடுச்சு."

"இருக்கட்டும்மா. அவுத்தா எறங்கணும்."

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொண்டேன். பிறகு அம்மா குனிந்தாள். வியர்வையில் முடிச்சு இறுகிப்போயிருந்தது, நகத்துக்கு மசியவில்லை. அவன் வேணாம்மா, வேணாம்மா என்று சொல்லிக்கொண்டே இருக்க, அவள் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.